பல்நிற அடைப்பு எத்தனை ஆண்டு நிற்கும்?

சில மாதங்களுக்கு முன் எங்கள் பல் பாதுகாப்புப் பிரிவுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் மகளுடன் வந்திருந்தார். வலப்புறக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் 2 ஆண்டுகளுக்கு முன் வைத்த பல்நிற அடைப்பின் ஓரமாகக் கருங்கோடு ஒன்று படர்ந்திருந்தது. குளிர்ந்த நீர் பட்டால் கூச்சமும் இருந்தது. அதற்கு அடுத்த பல்லில், அவர் பணியில் சேர்ந்த புதிதில் வைத்துக்கொண்ட வெள்ளி அடைப்பு நிறம் கறுத்திருந்தாலும் அசையாமல் இருந்தது. “30 வருடத்துக்கு முந்தைய கறுப்பு அடைப்பு அப்படியே நிற்கிறது. கூடுதலாகப் பணம் கொடுத்து வைத்த வெள்ளை அடைப்பு 2 வருடம்கூடத் தாங்கவில்லையே, டாக்டர்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. சற்றுக் கோபத்தோடோ சற்று வருத்தத்தோடோ இதே கேள்வி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. தரமற்ற பொருளை வைத்துவிட்டார்கள் என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். முறுக்கைக் கடித்தது தம் தவறு என்று சிலர் தம்மையே நொந்துகொள்கின்றனர். பெரும்பாலான நேர்வுகளில் இரண்டுமே காரணமாக இருப்பதில்லை. பல்நிற அடைப்பு பல்லோடு ஒட்டும் சில நிமிடங்களில் நடைபெறும் வேதிவினை எவ்வளவு நிறைவாக நடந்தது என்பதும், அதன் பின் ஆண்டுக்கணக்கில் வாய்க்குள் அந்த ஒட்டுக்கு என்ன நேர்கிறது என்பதுமே அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டிலும் நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் பங்கு உண்டு என்பதால் அந்த வேதியியலைச் சற்று விரிவாக இங்கே சொல்ல விரும்புகிறோம்.

மக்கள் வழக்கில் இப்பொருளைச் ‘சிமெண்ட்’ என்கின்றனர். வீடு கட்டும் சிமெண்ட் தண்ணீர் சேர்ந்தால் இறுகுவது. இதுவோ தண்ணீரைக் கண்டால் கெடுவது. இதன் சரியான பெயர் காம்போசிட், அதாவது கலவைப் பொருள். மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் அவற்றைப் பிடித்து நிறுத்தும் ரெசின் என்னும் பிசினும் சேர்ந்தது. துகளையும் பிசினையும் இணைக்கச் சிலேன் என்னும் பூச்சு ஒன்று துகள்களின் மேல் இடப்பட்டிருக்கும். மெல்லும் விசையைத் தாங்குவது பெரும்பாலும் கண்ணாடித் துகள். சுருங்குவது, நீரை உறிஞ்சுவது, காலப்போக்கில் நைந்துபோவது ஆகிய குறைகளெல்லாம் பிசினைச் சார்ந்தவை.

1940-களிலேயே பற்களைப் பல்நிறப் பிளாஸ்டிக்கால் அடைத்துப் பார்த்தனர். அப்போது கிடைத்த அக்ரிலிக் இறுகும்போது பெரிதும் சுருங்கியது. ஓரத்தில் இடைவெளி விழுந்தது, கறை ஏறியது, உள்ளே மீண்டும் சொத்தை பிடித்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஆய்வு செய்துவந்த ரஃபேல் போவன் இதற்கு மாற்றாகப் பெரிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றார். பிஸ்-ஜிஎம்ஏ எனப்படும் அம்மூலக்கூறு பருமனானது என்பதால் அது இறுகும்போது ஏற்படும் சுருக்கம் குறைவு. இன்றும் சந்தையிலுள்ள பல அடைப்புப் பொருள்களில் அதுவே முதன்மை உறுப்பு. ஆனால் அது கட்டித் தேனைவிடக் கெட்டியானது. போதிய அளவு கண்ணாடித் துகளை அதில் பிசைய இயலாது. எனவே டெக்டிஎம்ஏ என்னும் நீர்த்த மூலக்கூறைச் சேர்த்து இளக்குகின்றனர். இளக்கினால் பிசைவது எளிதாகும். சுருக்கமும் நீரை உறிஞ்சும் தன்மையும் கூடிவிடும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கும் இந்தப் பேரம் 60 ஆண்டுகளாகத் தொடர்கிறது. ‘சுருங்காத பொருள்’ என்ற விளம்பரத்தைக் கண்டால் சற்றே ஐயத்துடன் பார்க்குமாறு வேண்டுகிறோம். இன்றைய நல்ல பொருள்களும் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் சுருங்கத்தான் செய்கின்றன.

மென்மையான பசையாகப் பல்லில் வைக்கப்படும் இப்பொருள் நீல ஒளி பட்டதும் கல்லாவது எவ்வாறு? கேம்ஃபர்குயினோன் என்னும் மஞ்சள் நிறச் சேர்மம் சிறிதளவு அதில் கலந்திருக்கிறது. நாம் ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரத்திலிருந்து வருவிக்கப்படும் சேர்மம் அது. ஏறத்தாழ 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை அது உறிஞ்சி, துணைச் சேர்மம் ஒன்றின் உதவியால் வினையைத் தொடங்கிவைக்கிறது. தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த ரெசின் மூலக்கூறுகள் ஒன்றன் கையை மற்றொன்று பற்றியதுபோல் நொடிகளில் பின்னி வலையாகின்றன. எல்லாக் கைகளும் பற்றிக்கொள்வதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். வலை இறுக இறுக எஞ்சிய மூலக்கூறுகள் நகர இடமின்றி நின்றுவிடுகின்றன. வாயில் இறுகும் ரெசினில் பொதுவாக 50 முதல் 70 சதவீத இணைப்புகளே நிறைவேறுகின்றன.

ஒளி குறைந்தால் அந்த அளவும் கிடைக்காது. மேற்பரப்பு கெட்டியாக இருக்கும், அடிப்பகுதி இளகியே இருக்கும். மருத்துவர் கருவியால் தட்டிப் பார்த்தாலும் தெரியாது. வழக்கமான பொருளை 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் வைக்காமல் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி காட்டுவது இதனால்தான். 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கத்தக்க பொருள்களும் இப்போது உள்ளன. அவற்றுக்கும் போதிய ஒளி வேண்டும். எங்கள் பிரிவிலேயே நேர்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நன்றாக எரிவதாக நாங்கள் நம்பியிருந்த விளக்கு ஒன்றை ஒளிமானியில் வைத்துப் பார்த்தபோது அதன் திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதன் முனையில் பழைய ரெசின் துணுக்குகள் ஒட்டி உறைந்திருந்தன. கண்ணுக்கு அதே நீல வெளிச்சந்தான். அந்த விளக்கால் எத்தனை பேருக்கு அடைத்திருப்போம் என்று எண்ணி அன்று சற்று நேரம் யாரும் பேசவில்லை. அதன்பின் எல்லா விளக்குகளும் குறித்த நாளில் அளக்கப்பட்டு, அளவு பதிவேட்டில் எழுதப்படுகிறது.

இறுகுவது பாதிக் கதை. மீதிப் பாதி பல்லோடு ஒட்டுவது. அமெரிக்காவில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவர் 1955-இல் பல்லின் மேலோடான எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் தடவி, அதன்பின் ரெசினை வைத்தால் நன்கு ஒட்டுகிறது என்று காட்டினார். அமிலம் எனாமலில் நுண்ணிய குழிகளை உண்டாக்குகிறது. ரெசின் அக்குழிகளுள் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. எனாமல் 96 சதவீதம் கனிமம் என்பதால் அங்கே கிடைக்கும் பிடிப்பு உறுதியானது, நெடுநாள் நிற்பது.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டைன் வேறு இயல்புடையது. அதில் ஏறத்தாழ 70 சதவீதமே கனிமம். எஞ்சியது கொலாஜன் என்னும் நார்ப்புரதமும் நீரும். அமிலம் கனிமத்தைக் கரைத்ததும் கொலாஜன் நார்கள் ஈரத்தில் மிதக்கும் வலைபோல் வெளிப்படுகின்றன. ரெசின் அந்த வலைக்குள் ஊடுருவி உறைய வேண்டும். ரெசினும் கொலாஜனும் கலந்து உருவாகும் இந்த அடுக்கை 1982-இல் ஜப்பானிய ஆய்வாளர் நொபுவோ நாகாபாயாஷி குழுவினர் விளக்கினர். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு கனமே உள்ள அந்த அடுக்கைத்தான் ஆழமான அடைப்பு நம்பியிருக்கிறது. டென்டைனை மிகையாக உலர்த்தினால் நார்கள் படிந்து ரெசினுக்கு வழிவிடா. ஈரம் மிகுந்தால் ரெசின் நீர்த்துப்போகும். இந்த நடுநிலையைக் கைப்பழக்கத்தால்தான் அடைய முடியும். எங்கள் துறையில் இளைய மருத்துவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடமும் இதுதான்.

உமிழ்நீர் ஒரு துளி பட்டாலும் அமிலம் திறந்துவைத்த குழிகளின் மேல் புரதப் படலம் படிந்துவிடும். துடைத்துவிட்டுத் தொடர்ந்தால் வெளித்தோற்றத்தில் குறை தெரியாது. அந்த இடத்தில் பிடிப்பு குறைந்திருக்கும். பல்லைச் சுற்றி ரப்பர் திரையைக் கட்டுவதும், அது இயலாதபோது பஞ்சும் உறிஞ்சு குழாயும் வைத்து 40 நிமிடம் வாயைத் திறந்திருக்கச் சொல்வதும் இதற்காகவே. திரை கட்டினால் மூச்சு முட்டுமோ என்று அஞ்சுவோர் உண்டு. மூக்கால் சீராக மூச்சு விட இயலும். சளியோ மூக்கடைப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறொரு நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். இடையில் எழுந்து துப்ப வேண்டும்போல் இருந்தால் கையை உயர்த்துங்கள். நாங்கள் நிறுத்தும்வரை வாயை மூட வேண்டாம்.

சிகிச்சைக்கு முன் எங்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று கிராம்பு எண்ணெய் பற்றியது. இரவில் பல் வலித்தால் பஞ்சில் கிராம்பு எண்ணெயைத் தோய்த்துச் சொத்தைக் குழியில் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். வலி சற்றுத் தணிவதும் உண்மையே. அதற்குக் காரணமான யூஜினால் என்னும் வேதிப்பொருள், ரெசின் வலை பின்னுவதற்குத் தேவையான வினைமிகு துணுக்குகளை வழியிலேயே பிடித்து அணைத்துவிடக்கூடியது. குழியில் அது எஞ்சியிருந்தால் அதன் மேல் வைக்கும் ரெசின் சரியாக இறுகாமல் போகலாம். வைத்ததற்காக யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். தெரிந்தால் குழியை நன்கு தூய்மை செய்துவிட்டோ தற்காலிக அடைப்பு வைத்துச் சில நாள் கழித்தோ நிரந்தர அடைப்பு வைப்போம். பல்லை வெளுக்கும் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும். அதில் பயன்படும் பெராக்சைடு பல்லுக்குள் விட்டுச்செல்லும் ஆக்சிஜன் ரெசினை இறுகவிடாது என்பதால் 2 வாரம் காத்திருக்கச் சொல்கிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளிலிருந்து வருவோர் சிலருக்குக் குடிநீரிலிருந்த மிகையான ஃபுளூரைடால் பற்களில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். அத்தகைய எனாமலின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் இளகாது. வழக்கமான நேரமே அமிலம் வைத்தால் பிடிப்பு குறையும். எனவே கூடுதல் நேரம் வைக்கிறோம், தேவையானால் மேற்பரப்பை மெல்லச் சீவிவிடுகிறோம். எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று நாங்கள் கேட்பது ஊர்க்கதை பேசுவதற்காக இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்து நல்ல அடைப்பு ஒன்று வைக்கப்பட்டுவிட்டது என்று கொள்வோம். அன்று முதலே நீர் தன் வேலையைத் தொடங்குகிறது. ரெசின் மிக மெதுவாக நீரை உறிஞ்சும். அதன் மூலக்கூறுகளில் உள்ள எஸ்டர் பிணைப்புகள் நீரால் பிளக்கக்கூடியவை. உமிழ்நீரிலுள்ள எஸ்டரேஸ் நொதிகள் அந்தப் பிளவை விரைவுபடுத்துகின்றன. சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியும் அதே வகை நொதியைச் சுரக்கிறது. மறுபுறம், ரெசின் முழுமையாகச் சூழாமல் விட்ட கொலாஜன் நார்களை டென்டைனுக்குள்ளேயே உறங்கிக்கிடந்த நொதிகள் அமிலத்தால் விழித்தெழுந்து அரிக்கின்றன. அடைப்பின் ஓரம் இவ்வாறு இரு பக்கமும் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் கிருமி குடியேறினால் அடைப்பைச் சுற்றி மறுபடியும் சொத்தை பிடிக்கிறது. அடைப்புகள் தோற்பதற்கான முதன்மைக் காரணங்களில் இதுவும் அடைப்போ பல்லோ உடைவதும் முன்னிற்கின்றன.

இந்த அரிப்பைத் தாமதப்படுத்தும் முயற்சிகளில் நாங்கள் மிகவும் மதிப்பது ஜப்பானில் 1980-களில் உருவான 10-எம்டிபி என்னும் மூலக்கூறை. அதன் ஒரு முனை பல்லின் கால்சியத்தோடு நீரில் எளிதில் கரையாத உப்பாகப் பிணைகிறது. மறுமுனை ரெசினோடு சேர்கிறது. இன்றைய ஒட்டுத்திரவங்கள் பலவற்றில் அது உண்டு.

இனி எண்களுக்கு வருவோம். கடைவாய்ப் பல்நிற அடைப்புகளைப் பற்றிய 12 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றின்படி, 10 ஆண்டுக் கணக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 சதவீத அடைப்புகள் தோற்றன. அதாவது 100 அடைப்புகளில் ஏறக்குறைய 78, 10 ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கின்றன. சொத்தை வரும் வாய்ப்பு குறைந்தவர்களிடம் அந்த இழப்பு ஆண்டுக்கு 1.6 சதவீதமாகவும், வாய்ப்பு மிகுந்தவர்களிடம் 4.6 சதவீதமாகவும் இருந்தது. ஏறத்தாழ ஒரே வகையான பொருள், வைக்கப்பட்ட வாய் வேறு. இழப்போ ஏறக்குறைய 3 மடங்கு.

ஆசிரியையின் கதை இங்கேதான் தெளிவானது. ஊடுகதிர்ப் படத்தில் அவருடைய அடைப்பின் பெரும்பகுதி நன்றாகவே ஒட்டியிருந்தது. ஈறை ஒட்டிய ஓரத்தில் மட்டும் சொத்தை இறங்கியிருந்தது. அங்கே எனாமல் மிக மெல்லியது. ஒட்டு முழுவதும் டென்டைனை நம்பியது. அவர் உண்ணும் மருந்துகளைக் கேட்டோம். “தூக்கத்துக்கும் மனசுக்கும் 3 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார்” என்று மகள் தயங்கிச் சொன்னார். அம்மருந்துகளில் சில உமிழ்நீரைக் குறைக்கக்கூடியவை. “வாய் வறண்டால் என்ன செய்கிறீர்கள், அம்மா?” என்றோம். கைப்பையைத் திறந்து சிறிய டப்பா ஒன்றைக் காட்டினார். உள்ளே கற்கண்டு. பகலில் மணிக்கொரு தடவை, படுக்கும்போது ஒன்று.

வறண்ட வாயில் இரவு முழுவதும் சர்க்கரை ஊறினால் எந்த ரெசினும் தாங்காது. வெள்ளி அடைப்பு தப்பியதற்கும் காரணம் உண்டு. அது பல்லோடு ஒட்டுவதே இல்லை. ஆனால் அதன் ஓரத்தில் காலப்போக்கில் படியும் உலோகத் துரு இடைவெளியை அடைத்துவிடுகிறது. வைக்கும்போது சற்று ஈரம் பட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். எனினும் அதில் ஏறத்தாழ பாதி எடை பாதரசம். அதைப் பொருத்துவதற்கு நல்ல பல்லையும் கூடுதலாகச் சீவ வேண்டும். பாதரசத்தைக் குறைக்க 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் அதன் பயன்பாடு உலகெங்கும் சுருங்கிவருகிறது. நாங்களும் புதிதாக வைப்பதில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள், வாயைத் திறந்து வைத்திருக்க இயலாத குழந்தைகள் ஆகியோருக்கு எல்லா இடத்திலும் ரெசினே வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதில்லை. லண்டனில் வில்சன், கென்ட் ஆகிய இருவர் உருவாக்கி 1972-இல் அறிவித்த கண்ணாடி அயனோமர் என்னும் பொருள் உண்மையாகவே ஒரு சிமெண்ட்தான். தேய்மானத்தில் ரெசினுக்குப் பின்தங்கியது, தோற்றமும் சுமார். ஆனால் ஈரத்தைச் சற்றுப் பொறுக்கும், பல்லோடு நேரடியாகப் பிணையும், ஃபுளூரைடைக் கசியவிடும். வாய் வறண்டவர்களின் ஈறோரச் சொத்தைக்கு அதுவே பெரும்பாலும் எங்கள் தேர்வு.

வீட்டில் கவனிக்க வேண்டியவற்றுள் சில. அடைப்பின் மேல் மஞ்சள் நிறம் ஏறினால் அது பெரும்பாலும் சாம்பார், ரசத்தின் மஞ்சள்தூள் கறை. மெருகேற்றினால் போகக்கூடியது, அதற்காக அடைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஓரத்தில் நூல் மாட்டுவது, உணவு தங்குவது, இனிப்போ குளிரோ பட்டால் கூசுவது ஆகியன கண்டால் தாமதிக்காமல் வாருங்கள். அப்போதும் முழு அடைப்பையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்க வேண்டாம். ஒவ்வொரு முறை பெயர்க்கும்போதும் நல்ல பல்லும் சிறிது உடன் போகிறது, குழி பெரிதாகிறது. இரண்டு மூன்று முறை மாற்றிய பல் வேர் சிகிச்சைக்கும் உறைக்கும் வந்து நிற்பதை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். கெட்ட ஓரத்தை மட்டும் நீக்கி, பழைய ரெசினின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, புதியதை அதன் மேல் ஒட்டச் செய்யலாம். செலவும் குறைவு.

ஆசிரியைக்கு அவ்வாறே செய்தோம். ஈறோரத்தில் கண்ணாடி அயனோமரும் அதற்கு மேல் ரெசினும் வைத்தோம். அடைப்பின் மற்றப் பகுதியைத் தொடவில்லை. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று வலியுறுத்தி, அவருடைய மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தோம். கற்கண்டுக்குப் பதிலாக அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், ஃபுளூரைடு மிகுந்த பற்பசை, 3 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்று ஏற்பாடாயிற்று. டப்பாவை மகள் வாங்கித் தம் பையில் வைத்துக்கொண்டார்.

எழுந்து வாசல்வரை சென்றவர் திரும்பி வந்து, “அந்தக் கறுப்பு அடைப்பையும் எடுத்துவிட்டு வெள்ளையாக வைத்துவிடலாமா, டாக்டர்?” என்று கேட்டார். அதன் ஓரத்தை மீண்டும் ஒருமுறை கருவியால் தடவிப் பார்த்தோம். எங்கும் தடுக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினோம்.